பாலிஷ்காரர் உட்கார்ந்த பெஞ்சு

எண்பதுகளில் தாம்பரத்தில் எங்கள் தோட்டத்துத் தேக்கு பெஞ்சுக்கு மழைக்காலம்தோறும் நானே வார்னிஷ் அடிப்பேன். ஒரு வருடம் என்னால் முடியாமல் பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். ஒல்லியான ஆள், நகமெல்லாம் அரக்கு நிறம். எந்த மரத்தையும் முதலில் தட்டி, காது வைத்துக் கேட்பார்.

தட்டினார். “இதுல ஆரு சார் குந்துறது?”

“என் மனைவி. நிறைமாசம். தினம் சாயங்காலம் உட்காருவா.”

அவர் தொப்பென்று அதில் உட்கார்ந்தார். பெஞ்சின் கால் முறிந்து கீழே விழுந்தார்.

“அறிவிருக்காய்யா உனக்கு?” என்று கத்தினேன்.

பெஞ்சின் முறிந்த காலைக் காட்டினார். வார்னிஷுக்குள் மரம் மக்கிச் சேறாக இருந்தது. “ஈரத்து மேலயே பூசிகினு வந்துகீற சார். தேக்க சும்மா வுட்டிருந்தா நரைச்சிருக்கும், அவ்ளோதான்.”

அவர் முழங்கையில் ரத்தம். தெரிந்தே விழுந்த மனிதருக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.