டீ பெக்டரியில் ஒரு பாலைவன வெங்காயம்

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு பெக்டரியில், தேயிலைத் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "வெங்காயம் கொண்டு வராதீங்க" என்பதுதான். தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வெங்காயம் போட்ட சம்பல் டப்பாவைக்கூட வாசலுக்கு வெளியேதான் வைக்கவேண்டும். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவன்.

அப்படிப்பட்ட என்னிடம், தூள் சலிக்கும் செல்வராணி ஒரு வெங்காயச் செடியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இத கொழுந்து வாட்டுற மாடியில ஒரு மூலையில வச்சுக்கிறேங்க."

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள?"

அவள் குவைத்தில் வீட்டுவேலை செய்து திரும்பியவள். இது அங்கே பாலைவனத்தில் மழைக்குப் பிறகு முளைக்கும் காட்டு வெங்காயம். அவளோடு போன மலர் காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டாள். மலரின் அம்மா பாக்கியத்துக்குக் கொடுக்கத்தான் செல்வராணி நாலைந்து கிழங்கு கொண்டு வந்திருந்தாள். நம் மழை சும்மா விடுமா? மற்றதெல்லாம் அழுகிவிட்டது.

"இதுவும் போச்சுன்னா அந்தக்காவுக்குக் குடுக்க ஒண்ணுமே இல்லீங்க. தோட்டத்துலயே காஞ்ச எடம் நம்ம மாடிதானுங்களே."

முடியாது என்றேன். சொன்னது சரிதான். ஆனால் பகல் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். எழுந்து பெக்டரியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் அடுப்புக்கு விறகு அடுக்கும் கொட்டகை, எந்நேரமும் சூடாகவே இருக்கும். அங்கிருந்து தேயிலைக்குக் காற்று போகிறதா என்று நன்றாகப் பார்த்தேன். போகவில்லை. சட்டியை அங்கே வைக்கச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகிக் கருகியது. தேயிலைக் கன்று நர்சரியில் வேலை பார்த்துப் பழகிய அடுப்புக்கார மருதை, பதறிப்போய் வாளியோடு ஓடினார். செல்வராணி மறித்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்கண்ணே, அது தூங்குது. வெயில் காலத்துல அங்கயும் இப்படித்தான்."

மாதங்கள் கழித்துப் பச்சை விட்டது. பிறகு வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு பூக்கொத்து. பாக்கியத்தை அழைத்து வந்தோம்.

"இதத்தாங்க்கா நானும் மலரும் புடுங்கி ரொட்டியோட தின்னோம்."

பாக்கியம் பூவைப் பார்க்கவே இல்லை. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"எம் புள்ள வாயில இந்த ருசிதானே இருந்துச்சு?"

"ஆமாங்க்கா."

இன்னொரு இலையைக் கிள்ளினார். நான் பெக்டரிக்குள் போய்விட்டேன்.

கூடாது என்று சொல்வது என் உத்தியோகம். சொன்ன பிறகு எழுந்துபோய் வேறு இடம் தேடுவதும் அதில் சேர்த்திதான். இது எனக்குப் புரிந்தபோது ஓய்வு பெறும் வயதாகிவிட்டது.