முப்பத்தஞ்சரை மில்லி

எனக்கு ஆட்டம் ஆகாது. கட்டில் கால் லேசா ஆடினாலும் எழுந்து அட்டையை மடிச்சி அடியில வச்சிட்டுத்தான் படுப்பேன். கல்யாண வூட்டுப் பந்தியில பெஞ்சு ஆடினா எவனையாவது நாலு திட்டு திட்டிட்டுத்தான் இலையில கை வப்பேன். சர்க்கரை ஆலையில முப்பத்தோரு வருஷம் ஃபிட்டரா இருந்தவன் நான். சேர்ந்த புதுசுல, கரும்பு நசுக்கற ரோலர்ல ஒரு பேரிங் ஆடுது ஆடுதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க, யாரும் கண்டுக்கல. என் கூட வேலை செஞ்சவனுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சு. அந்தக் கையைத் துணியில சுத்தி எடுத்துக்கினு ஓடினவன் நான்தான். அதுலேர்ந்து எங்க ஆட்டத்தைப் பாத்தாலும் அதை அடக்காம நகர மாட்டேன். இதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி நான் செஞ்ச காரியத்துக்கு இதைத்தான் சாக்கா வச்சிக்கினேன்.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்துல எங்க ஊர். எங்க மாதா கோயில்ல கிறிஸ்துமஸுக்குப் பெரிய குடில் கட்டுவாங்க. அந்த வருஷம் ஞானஸ்நானம் வாங்கின கொழந்தைங்கள்ல ஆகச் சின்னதை, காலைப் பூசை முடிஞ்சதும் குடில்ல வைக்கோல் மேல கால் மணி நேரம் படுக்க வைக்கறது எங்க ஊர் வழக்கம். போன கிறிஸ்துமஸுக்கு அந்தக் கொழந்தை என் பேத்தி. ரெண்டு மாசம். என் மவளுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சிப் பொறந்தது. அந்த ஒம்பது வருஷத்துல அவ ஏறாத ஆஸ்பத்திரி இல்ல, வாங்காத பேச்சு இல்ல.

குடிலைச் சுத்தி வருஷா வருஷம் பேட்டரியில ஓடற பிளாஸ்டிக் ரயில் ஒண்ணு ஓடும். அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். என் பேத்தி படுக்கற குடிலைச் சுத்தி, நெஜமா ஆவி விட்டு ஓடற இஞ்சின் ஓடணும்னு முடிவு பண்ணேன். யாரும் என்னைக் கேக்கல. நானா இழுத்துப் போட்டுக்கினதுதான்.

ரிட்டயர் ஆனதுலேர்ந்து சின்னச் சின்ன ரயில் இஞ்சின் செய்யறது எனக்கு ஒரு பித்து. இது நாலாவது. ஒரு முழம் நீளம், ஆறு சக்கரம், பித்தளை பாய்லர், அதுக்கு அடியில ஸ்பிரிட் விளக்கு. முன்னாடி செஞ்ச மூணும் வூட்டு வராந்தாவுல நேரா போட்ட தண்டவாளத்துல போய்ட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். வளைவுல ஒண்ணும் ஓடினதில்ல.

இஞ்சினுக்கு முதுகெலும்பு பிரேம். நீளமா ரெண்டு தகடு, அதுங்களுக்கு நடுவுல குறுக்க நாலு பித்தளைக் கட்டை. அந்தக் கட்டைக்குப் பேரு ஸ்பேசர். கட்டை எவ்வளவு அகலமோ அதை வச்சித்தான் பிரேம் அகலம். பிரேமுக்கு ரெண்டு பக்கமும் சக்கரம் வரும். கட்டை அகலம் கொறஞ்சா சக்கரம் பக்கவாட்டுல நகரும். கூடினா பிரேமை ஒட்டிக்கினு நிக்கும், அந்தண்ட இந்தண்ட அசையாது.

திருக்கோவிலூர்ல லேத் வச்சிருக்கற பையன் ஒருத்தன், பையன்னா நாப்பது வயசு, எனக்கு ரெண்டு செட்டு கடைஞ்சி வச்சிருந்தான். ஒண்ணு முப்பத்தி நாலு மில்லி. அதைப் போட்டா சக்கரத்துக்கு ரெண்டு மில்லி ஆட்டம் இருக்கும். இன்னொண்ணு முப்பத்தஞ்சரை. அதைப் போட்டா அரை மில்லிதான்.

"முப்பத்தி நாலை எடுத்துக்கணா," ன்னான். "ஆட்டம் ஜாஸ்தியா தெரிஞ்சா வாஷர் போட்டுக் கம்மி பண்ணிக்கலாம். நீ சொல்ற குடில் மூலையில வளைவு ரொம்பக் குறுகல். நடுச்சக்கரம் கொஞ்சம் ஒதுங்கிக் குடுக்கணும். இல்லன்னா தண்டவாளத்து மேல ஏறிடும்."

"ஆட்டத்தை நாமளே உண்டு பண்ணி, அப்புறம் அதுக்கு வாஷர் போடறதா? நல்லா இருக்குடா உன் ஞாயம். ஆட்டம் ஆளைத் தின்னும்."

"அது ரோலர்ணா. இது ரயிலு."

எனக்குப் பாடம் எடுக்கறியான்னு கேட்டுட்டு முப்பத்தஞ்சரையைப் பையில போட்டுக்கினேன். மத்த செட்டை அவன் மேசையிலயே விட்டுட்டு வந்தேன். ஸ்குரு போட்டு முடுக்கியிருந்தா எப்பனா கழட்டி மாத்தியிருக்கலாம். ஸ்குரு போடறதே எனக்குப் புடிக்காது, அதுவும் ஒரு நாள் லூசாகும். நாலு கட்டையையும் பிரேமோட வச்சி, பத்து உருக்கி ஊத்தி, கழட்ட முடியாதபடி பிரேசிங் பண்ணிட்டேன்.

குடில்ல வரப்போற அதே வளைவை வூட்டுல பலகை மேல போட்டு, இஞ்சினைக் கையால தள்ளிப் பாத்தேன். நேர் தண்டவாளத்துல வழுக்கிக்கினு போச்சு. வளைவுல வந்ததும் கிர்ருன்னு ஒரு சத்தம். மறுபடி தள்ளினேன், மறுபடி அதே எடத்துல அதே சத்தம்.

அரிசி பொடைச்சிக்கினு இருந்த என் பொண்டாட்டி தலையைத் தூக்கினா. "இன்னாங்க அது, திரும்பற எடத்துல அழுவுது?"

"எண்ணெய் பத்தல."

எண்ணெய் விட்டேன். சத்தம் கம்மியாச்சு, நிக்கல. குனிஞ்சி கண்ணை வச்சிப் பாத்தா நடுச்சக்கரத்து விளிம்பு தண்டவாளத்து மேல நூல் அளவு ஏறி எறங்குது. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. பொய் சொல்ல மாட்டேன், தெரிஞ்சிதான் இருந்துச்சு. ஆனா மாத்தணும்னா பிரேமையே அறுக்கணும், பண்டிகைக்குப் பத்து நாள்தான் இருக்கு, அந்த லேத்காரன் மூஞ்சியில போய் முழிக்கணும். மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆவாதுன்னு மனசுக்குச் சொல்லிக்கினேன். அந்தப் பத்து நாளும் சோறு எறங்கல. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கிர்ரு காதுல கேக்கும்.

ஸ்பிரிட் வாங்கறது தனிப் பாடு. கள்ளச்சாராயத்துல அத்தனை பேர் செத்ததுலேர்ந்து எங்க ஜில்லாவுல அந்த வார்த்தையைச் சொன்னாலே கடையில பேச்சு நின்னுடும். கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். விளக்குக்குன்னு சொல்லியும், "பத்திரம்ங்க, இது ஏற்கெனவே எத்தனையோ வூட்டை அழிச்சிடுச்சு" ன்னு சொல்லித்தான் குடுத்தார். அந்த நேரத்துல அவர் மேல எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

பண்டிகைக்கு மொத நாள் மத்தியானம் மூணு மணி. குடில் முடிஞ்சிருந்துச்சு. கல்ராயன் மலையிலேர்ந்து எறக்கின புல்லால கூரை, தரையில கால் முட்டி அளவு வைக்கோல், நடுவுல கொழந்தைக்கு வெள்ளைத் துணி விரிச்ச எடம். அதைச் சுத்தி என் தண்டவாளம். மவ கொழந்தையைத் தூக்கிக்கினு வந்தா, எப்படி இருக்குன்னு பாக்க.

"படுக்க வச்சிப் பாரும்மா. நான் ஓட்டிக் காட்டறேன்," ன்னேன். அதைச் சொன்னது நான்தான்.

"ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் படுக்க வச்சா ஆவாதா?" ன்னா என் பொண்டாட்டி.

"நீ சும்மா கட. உனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை."

மவ கொழந்தையைப் படுக்க வச்சா. விளக்கைப் பத்த வச்சி ஆவி ஏத்தி விட்டேன். மொத சுத்து போச்சு. மூலையில கிர்ரு. ரெண்டாவது சுத்து, மறுபடியும் கிர்ரு. மவ சிரிச்சிக்கினு இருந்தா. ஒம்பது வருஷம் கழிச்சி அவ மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பாத்துக்கினு நான் நிறுத்தாம விட்டேன்.

அப்போ கொழந்தை மூத்திரம் போச்சு. "தோ, நனைச்சிட்டா," ன்னு மவ அதைத் தூக்கிக்கினு துணி மாத்த வாசப்பக்கம் நகர்ந்தா. நாலு எட்டு வச்சிருப்பா. நடுச்சக்கரம் ஏறிடுச்சு. இஞ்சின் உள்பக்கமா சாஞ்சி வைக்கோல்ல விழுந்துச்சு, விளக்கு கவுந்துச்சு.

பகல் வெளிச்சத்துல ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. மொதல்ல எனக்கு ஒண்ணுமே தெரியல. வைக்கோல் தானா கறுத்துக்கினு போறதுதான் தெரிஞ்சிது. அந்தக் கறுப்பு நேரா வெள்ளைத் துணிக்குப் போச்சு, துணி ஓரம் சுருண்டுச்சு, அப்புறம்தான் செவப்பா எழும்புச்சு. நான் ரெண்டு கையாலயும் வைக்கோலைப் பிடிச்சி இழுத்தேன். என் பொண்டாட்டி ஈரச் சாக்கைக் கொண்ணாந்து போட்டா. கூரைக்குப் போகல. கொழந்தை படுத்திருந்த எடத்துல ஒரு முறம் அகலத்துக்குச் சாம்பல் இருந்துச்சு.

மவ வாசப்படியில நின்னுக்கினு இருந்தா. கொழந்தையை மாரோட இறுக்கிப் பிடிச்சதுல அது அழ ஆரம்பிச்சிடுச்சு.

"இப்படி ஆவும்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நம்ம கெட்ட நேரம்," ன்னேன்.

அவ நம்பினா. வூட்டுக்கு வந்ததும் என் கை கொப்புளத்துக்கு அவதான் மருந்து போட்டா. என் பொண்டாட்டி மட்டும் என் பக்கம் திரும்பாம, கருகின சாக்கை அலசிக்கினு இருந்தா.

பண்டிகை அன்னிக்கு குடில்ல பேத்திக்குப் பதிலா கொழந்தை யேசு சொரூபத்தை வச்சிட்டாங்க. மத்தியானம் லேத்காரன் சாப்பிட வந்தான், வருஷா வருஷம் வர்றவன்தான். விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கு. சட்டைப் பையிலேர்ந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து இலை பக்கத்துல வச்சான். பிரிச்சா நாலு பித்தளைக் கட்டை, முப்பத்தி நாலு மில்லி. அவன் மனசுல ஒண்ணும் இல்ல, பாவம், எனக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சிதான் கொண்ணாந்தான்.

"அன்னிக்கே சொன்னேனேணா, இதைப் போடு, வளைவுல ஏறிடும்னு. மறுபடி செய்யறப்பவாவது இதைப் போடு."

மவ அவனுக்குக் கறிக்கொழம்பு ஊத்திக்கினு இருந்தா. கரண்டி ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் ஊத்தினா. எனக்கும் ஊத்தினா. நான் ஆலையில கை போனவன் கதையை ஆரம்பிச்சேன், பாதியில எனக்கே கேக்கப் புடிக்காம விட்டுட்டேன். அவ உள்ளே போயிட்டா. அதைப் பத்தி அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பேத்திக்கு இப்போ எட்டு மாசம். என்னைப் பாத்தா தாவும். நான் கை நீட்டினா மவ குடுப்பா, மாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா மொதல்ல, "உக்காருப்பா" ன்னுவா. நான் உக்காந்ததும் மடியில வப்பா. வச்சிட்டு அவளும் பக்கத்துல உக்காந்துக்குவா, கொழந்தைக்கு அடியில இருக்கற தன் கையை மட்டும் எடுக்க மாட்டா.