முட்டைக்கு வச்ச சுங்குடிப் புள்ளி

தெரியாதாம்ல! வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு போன்ல சொல்லிட்டா ஆச்சா, ஏத்தா? “அம்மாவுக்கு ஞாபகமே இல்லப்பா, முட்டையாவது ஈஸ்டராவது, வீணா மெனக்கெடாதீங்க”ன்னு... நீ போனை வச்சுட்ட. நான் இன்னும் ஒனக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்.

முட்டைச் சாயத்துக்கு வெங்காயத்தோலு கொதிக்கிற வாசனை மறந்துபோச்சா ஒனக்கு? அதுல வினிகர ஊத்துனா மூக்கு சுர்ருங்கும்... கன்னமெல்லாம் சாயத்தோட திரிஞ்சவதான நீயி.

ஃப்ரெண்ட்ஸ், இதக் கேக்குற ஒங்களுக்கும் சொல்றேன். நான் அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சவன். சாயப்பட்டறையில சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு சாயம் முக்குனவன். வீட்டுக்காரி சகாயம் சர்ச்சுக்குப் போறவ. கல்யாணமாகி மொத ஈஸ்டரு, பழங்காநத்தத்துல ஒத்த ரூம் வீடு. முட்டைக்குக் கலர் போடணும்னு சொன்னா.

நமக்குத் தெரியாத கலரா? அவிக்காத முட்டை மேல ஈரத்துணியச் சுத்துனேன். சேலையக் கிள்ளுற மாதிரியே கிள்ளி, நூல இறுக்குனேன் பாருங்க...

பொளக்! வேட்டியெல்லாம் மஞ்சக்கரு.

“முட்டையக் கிள்ளுன மொத ஆளு நீங்கதான்!”

அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு...

பொறகு அவதான் வழி கண்டுபுடிச்சா. அவிச்ச முட்டையில மெழுகுவத்தியச் சாச்சு சொட்டுச் சொட்டா புள்ளி வச்சா. ஆறுன வெங்காயத்தோல் தண்ணியில நான் ஊறப்போட்டேன். எடுத்து, லேசா அனல் காட்டி மெழுகத் தொடச்சா, செங்காவியில வெள்ளை வெள்ளையாப் புள்ளி. அசல் சுங்குடி!

நம்ம வாயி சும்மா இருக்குமா?

“ஏண்டி, ஒங்க சாமி முட்டைக்குள்ள இருந்தா வந்துச்சு?”

“கல்லறைக்குள்ள இருந்து வந்தாரு. அந்தக் கல்லறைதான் இந்த ஓடு. கோழிக்குஞ்சுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல!”

வருசா வருசம் அதே கேள்வி, அதே பதிலு. அந்த ஏச்சு வாங்கத்தான் நான் வம்பிழுக்குறதே.

இப்பல்லாம் முட்டைக்கு ஸ்டிக்கர் விக்குதாம், ஒட்டுனா முடிஞ்சுச்சு. நமக்கோ கை நடுங்குது. இருந்தாலும் இன்னைக்குக் காலையில ஒத்த முட்டைக்குப் புள்ளி வச்சேன். அம்புட்டும் கோணல். அந்த ஏச்சு ஒருக்கா திரும்பக் கெடைச்சாப் போதும்னுதான்.

கட்டில்ல இருந்த சகாயம் கையில குடுத்து, வேட்டி நாறுன கதையில இருந்து அம்புட்டும் சொன்னேன். புள்ளியத் தடவித் தடவிப் பாத்தா. லேசா சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு...

“ஏண்டி, ஒங்க சாமி முட்டைக்குள்ள...”

நான் முழுசாக் கேட்டு முடிக்கல. எந்திரிச்சுட்டா. முட்டைய என் கையில திருப்பி வச்சுட்டு, வாசலப் பாத்து நடக்குறா.

“நல்லாருக்குண்ணே. நான் வாரேன். எங்க வீட்டுக்காரரு சாயப்பட்டறையில இருந்து வந்துருவாரு, தேடுவாரு.”