வருடப் பிறப்புப் பூசணி சூப்

பூசணி சூப் வாசம் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். இன்று பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரர் காய்ச்சுகிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் வாசம் போகவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சுனாமி அடித்து ஆறாம் நாள், வருடப் பிறப்பு. மட்டக்களப்பில் மாமாவைக் காணவில்லை. நாங்கள் இருந்தது கனடாவில். மொன்றியலில் நாங்கள் போன பழைய கத்தோலிக்கக் கற்கோயிலைக் கட்டியது பிரெஞ்சுக்காரர், நிரப்பியது ஹெயிட்டிக்காரர். மேளம் அடித்துப் பாடிப் பூசை முடிந்ததும், கீழ் மண்டபத்தில் எல்லோருக்கும் இந்தச் சூப்பை ஊற்றினார்கள். பாடகர் குழுவின் ரோஸ் அன்ரி எங்களுக்கும் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தார்.

அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

“வேணாம் புள்ள. செத்த வீட்டுக்குத்தான் இப்பிடிச் சாப்பாடு கொண்டு வருவாங்க. வாங்கினா மாமா இல்லையெண்டு நாமளே ஒத்துக்கொண்ட மாதிரி.”

“விசர்க் கதை கதைக்காதீங்கம்மா. அடிமையா இருக்கக்க இவங்களக் குடிக்க விடாத சூப் இது. விடுதலை கிடைச்ச நாளெண்டு குடிக்கிறாங்க.”

பசி வேறு. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போன் வந்தது. மாமாவின் உடலை எடுத்துவிட்டார்களாம்.

சூப் குடித்து யாரும் யாரையும் கொல்வதில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி, அந்தக் கதையை அன்றே முடித்திருப்பேன்.