இடது பக்கம் போன பந்து

1991. எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிதாக வந்த கோச், பாஸ் தவறினால் மைதானமே அதிரக் கத்துவார். என்னிடம் தினமும் ஒரே பாட்டுதான்: "இன்னாத்துக்குடா திரும்பிப் பாக்குற? இடது பக்கம் அடி. சேகர் அங்கதான் இருப்பான்." சேகரும் இருப்பான்.

அரையிறுதிக்கு முந்தின வாரம், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் சைக்கிளில் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த சேகரை லாரி அடித்துவிட்டது. அவன் பிழைக்கவில்லை. மாற்று ஆள் கிடையாது. பத்துப் பேராகவே இறங்கினோம்.

ஆட்டத்தின் நடுவே, பழக்கதோஷத்தில், பார்க்காமலே இடது பக்கம் அடித்துவிட்டேன். ஆளில்லாத இடத்தில் உருண்டு பந்து கோட்டைத் தாண்டியது. எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் கோச்சின் திட்டுக்குக் காத்திருந்தேன்.

அவரே போய்ப் பந்தை எடுத்து எதிரணியிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாஸ் கரெக்ட்டுதான்டா" என்றார். குரலே எழும்பவில்லை.

தோற்றோம். இப்போதும் எங்காவது பிள்ளைகள் பந்து ஆடினால் நின்று பார்ப்பேன். இடது பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. பார்க்காதவரை அவன் அங்கே இருக்கிறான்.