எடைக்காரரின் எடை

பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் எடைக்கு எடுக்கிற கடை அது. கடைக்காரரை எல்லோரும் எடைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். காலையில் கதவைத் தூக்கியதும் ஆண்டவனைக் கும்பிடுவார். அப்புறம் செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தையும் சில்லறையையும் எடுத்து வைத்துவிட்டு, மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் மேல் தானே ஏறி நின்று, எண்ணைப் படிக்க மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்.

"என்னண்ணே, உங்களையே எடைக்குப் போடப் போறீங்களா?" என்பார் எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

"போட்டா என்ன வெல தருவே?"

"எலும்பு என்ன வெல போகுதுன்னு விசாரிச்சுச் சொல்றேன்."

எடைக்காரரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது.

அவருடைய அப்பா வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்தவர். பின்னால் அண்ணனுக்கும் அதே வயிறு, அதே நோய், அதே முடிவு. இரண்டு பேருக்கும் வலி பிறகுதான் வந்தது. முதலில் உடம்பு கரைந்தது. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை என்று அண்ணன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தபோது, ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டுத் தந்தவர் இவர்தான். "எளைச்சது நல்லதுதாண்டா, மாப்பிள்ள மாதிரி இருக்கேன் பாரு" என்றார் அண்ணன். அதே பெல்ட்டில் அப்புறம் எத்தனையோ ஓட்டைகள் விழுந்தன.

அண்ணனைப் பார்த்த டாக்டர், "உங்க குடும்பத்துல இருக்கு. நீங்களும் ஒரு தடவ வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்துக்கிறது நல்லது" என்று சொல்லியிருந்தார். மனைவி அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எடைக்காரரிடம் ஒரே பதில்தான்.

"போனா கண்டுபுடிச்சிருவாங்க."

"கண்டுபுடிக்கத்தானேங்க போறது!"

"அதான் போகல."

அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தராசு. எடை இறங்காதவரை தனக்கு ஒன்றுமில்லை என்று மனசுக்குள் ஒரு தைரியம். போன மழைக்காலத்தில் ஒருநாள் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. அன்று அவர் சோற்றுத் தட்டில் கை வைக்கவில்லை. மறுநாளும் சோறு இறங்கவில்லை, எடைதான் இன்னும் இறங்கியது. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. வெளியே துண்டோடு நின்ற மனைவிக்கு எல்லாம் கேட்டது.

அந்த வாரமே எடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "பாத்தியா, சும்மா பயந்துட்டேன்!" என்று மனைவியிடம் சொல்லி, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாதங்கள் ஓடின. கடைக்குக் கூட்டம் கூடியது. "தாராளமான தராசுண்ணே உங்களது" என்று பேப்பர் கொண்டு வருகிறவர்கள் மெச்சினார்கள். ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. இடுப்பில் பெல்ட் தளர்ந்தபோதும், தோல் இழுத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிற அதிகாரி ஒருநாள் வந்தார். எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"மத்த கடையில எல்லாம் கொறச்சுக் காட்டும். உங்களது கூட்டிக் காட்டுதே! உங்க வீட்லயே நீங்க திருடுறீங்களா?"

பலகையைத் தூக்கினார்கள். அடியில், உடைந்த இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு ஒன்று துணியால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. முதல் கட்டு தூசியேறிக் கறுத்திருந்தது. இரண்டாவது கட்டு புதுசு. இரண்டும் மனைவியின் பூப்போட்ட பழைய நைட்டித் துணி. கடையைக் கூட்ட வருகிறவள் அவள் ஒருத்திதான்.

அதிகாரி பேசிக்கொண்டே போனார். எடைக்காரர் காதில் எதுவும் விழவில்லை. அவர் கண் அந்த இரண்டாவது தகட்டிலேயே நின்றது.

வீட்டுக்குப் போய் இரண்டு தகடுகளையும் அவள் முன்னால் வைத்தார். அவள் மறைக்கவில்லை.

"கொறஞ்சா நீங்க சாப்பிட மாட்டேங்கிறீங்க. சாப்பிடலேன்னா இன்னும் கொறயிறீங்க. நான் என்னங்க பண்ணுவேன்? பயத்துலதான் எளைக்கிறீங்க, நாலு வாய் சாப்பிட்டா சரியாயிரும்னு நெனச்சேன்."

"சாப்பிட்டேனே."

"சாப்பிட்டீங்க." அவள் இரண்டாவது தகட்டைத் தொட்டாள். "சாப்பிட்டும் எறங்குச்சுங்க. தராசுல ஏறி நின்னு நீங்க கண்ணாடியத் தேடுறதுக்குள்ள நான் பாத்துட்டு, பழைய எடையவே படிச்சுச் சொல்லிட்டேன். அதான் ரெண்டாவது..."

தன் பயத்தை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு இவர் சோறு கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அதை இத்தனை நாள் அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"கெளம்பு. டாக்டர்கிட்ட போவோம்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "குழாய் விடுறதுக்கு முந்தி எடை பாக்கணும். ஏறுங்கய்யா" என்றாள். கையகலத் தராசு, ஒரு மூட்டை தாங்காது. எடைக்காரர் வழக்கம்போல் செருப்பு, சாவி, சில்லறை எல்லாம் எடுத்து வைத்தார். "செருப்பு மட்டும் போதும்யா" என்று சிரித்தாள் நர்ஸ். ஏறினார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடுங்கம்மா. புடிச்சிருந்தா தப்பாக் காட்டும்."

அவள் விடவில்லை. உதடு மட்டும் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தது.

எடைக்காரர் அவளைப் பார்த்தார். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றார். கண்ணாடியைத் தேடவில்லை.

"படிங்கம்மா" என்றார் நர்ஸிடம். "சத்தமாவே படிங்க. அவளுக்கும் கேக்கணும்."