நன்றியுரையால் வென்ற தரமுயர்வு

கடைசிப் போட்டியைச் சமநிலையில் முடித்தாலே எமது உதைபந்தாட்டக் கழகம் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குத் தரமுயர்ந்துவிடும். எதிரணியோ கட்டாயம் வெல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், அவர்கள் எம்மைவிட நன்றாக ஆடுபவர்கள்.

எங்கள் ஊரில் பேச்சு முடியாமல் பந்து உருளாது. மாலை அஸர் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்தே பிரதம அதிதி வந்தார். பொன்னாடை போர்த்தியதும் முப்பத்தெட்டு நிமிடங்கள் பேசினார். அதில் உதைபந்தாட்டத்துக்கு இரண்டு நிமிடங்கள். மைதானத்தில் விளக்கு இல்லை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு அழைக்குமுன் ஆட்டம் முடிய வேண்டும்.

எதிரணித் தலைவர் கழகச் செயலாளரான என்னிடம் ஓடி வந்தார்.

“காக்கா, நாங்க பந்தடிக்க வந்தமா, பயான் கேட்க வந்தமா?”

“கொஞ்சம் பொறுங்க தம்பி, இன்னும் என்ட நன்றியுரை இருக்கு.”

நான் எவரையும் விட்டுவிடுபவன் அல்லன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொன்னேன். நேரம் போதாமல் நடுவர் ஒவ்வொரு பாதியையும் பதினைந்து நிமிடமாகக் குறைத்தார். அதற்குள் எவராலும் கோல் போட முடியவில்லை. தரமுயர்ந்தோம்.

எம்மை வாழ்த்துவதற்காகப் பிரதம அதிதி மீண்டும் ஒலிவாங்கியை எடுத்தார். இம்முறை எமது வீரர்களே ஓடிப்போய் அதன் வயரைக் கழற்றினார்கள்.